ஃபார்வர்டில் வரும் வரிகளை வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

கேள்வி: தமிழ் டீச்சர், தருமபுரி மாவட்டம்

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கிறேன். பதினேழு வருட சர்வீஸ். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிப் பள்ளி விடுதியில் போட்டி போட்டுக்கொண்டு நாவல் படித்தவள் நான். வேலை, கல்யாணம், குழந்தை, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு என்று வந்தபிறகு பாடநூலைத் தவிர எதையும் தொடவில்லை. 2020 ஊரடங்கில் ஒரு தோழி ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். ஞாயிறு சாயங்காலம் கூகுள் மீட்டில் யாராவது ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் ஊரில் மொட்டைமாடியில்தான் சிக்னல் கிடைக்கும். காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்பேன். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த நான்கு பிள்ளைகள் அந்தக் கதைகளை வைத்துத்தான் வாசிக்கப் பழகினார்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

போன டிசம்பர் 11, பாரதி பிறந்தநாள் பேச்சுப் போட்டி. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தயார் செய்தேன். குழுவில் ஒரு படம் வந்தது. முண்டாசு கட்டிய பாரதி, கீழே மஞ்சள் எழுத்தில் நான்கு வரி. படித்ததும் பிடித்துவிட்டது. பேச்சின் தொடக்கமாக நானே அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.

பிசிறில்லாமல் பேசினாள். முடிந்ததும் நடுவராக வந்திருந்த பெரியவர் அவளைக் கிட்டக் கூப்பிட்டு, "நல்லாப் பேசினம்மா. அந்த முதல் நாலு வரி எந்தப் பாட்டுல வருது?" என்று கேட்டார். குரலில் கடுமையே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, பேச்சு எழுதிய தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிவிட்டாள். ஊர் நெருங்கும்போது கேட்டாள்: "டீச்சர், அப்ப பாரதியார் அதச் சொல்லவே இல்லையா?" பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? இன்னொன்றும் மனதை அரிக்கிறது. இத்தனை வருடத்தில் நூற்றுக்கணக்கான புத்தகங்களைப் பற்றிப் படித்துவிட்டேன். ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடித்தவை ஏழோ எட்டோதான். இதிலிருந்து யாராவது மீண்டிருக்கிறீர்களா?

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

அம்மா, பிள்ளையிடம் "பார்த்துச் சொல்கிறேன்" என்றீர்களே, அதுவே சரியான பதில். இனி பார்க்கிற வழியைச் சொல்கிறேன்.

பாரதி பாடல்களுக்கு முதலில் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்புக்குப் போங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து ஏற்றிய நூல்கள். பாரதி எழுத்தின் உரிமையை 1949இல் அரசு வாங்கிப் பிறகு பொதுவுடைமை ஆக்கியதால், யாரும் தடையில்லாமல் எடுத்துப் போடலாம். அங்கே எல்லாம் எழுத்து வடிவிலேயே இருக்கிறது. போனில் பக்கத்தைத் திறந்து "பக்கத்தில் தேடு" என்பதில் போட்டுப் பார்க்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முழு வரியைப் போட்டால் கிடைக்காமல் போகலாம். ஒரு பதிப்பில் சந்தி பிரித்திருப்பார்கள், இன்னொன்றில் சேர்த்திருப்பார்கள். அந்த வரியில் அபூர்வமான ஒரு சொல்லை எடுத்து, விகுதியை விட்டுவிட்டு, முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் தேடுங்கள். நான் இப்படித் தேடியே பல "பாரதி" வரிகளைக் கழித்திருக்கிறேன்.

எதுகை மோனை இல்லை, அதனால் பாரதி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வசன கவிதையும் அவர்தான் எழுதினார். பாட்டில் இல்லை என்பதும் முடிந்த முடிவல்ல. சுதேசமித்திரன், இந்தியா ஆகிய பத்திரிகைகளில் அவர் எழுதிய கட்டுரைகள் ஏராளம். அவற்றைத் தேடிச் சேர்த்துக் கால வரிசைப்படி தொகுக்க சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தார். அந்தத் தொகுதிகளிலும் அகப்படாவிட்டால் வகுப்பில் "பாரதி சொன்னார்" என்று சொல்ல வேண்டாம். வரி பிடித்திருந்தால் "யார் எழுதியது என்று தெரியாத வரி" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

பதில்: கணக்கு வாத்தியார்

எங்கள் வட்டாரக் குழுவில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம். நூல் பெயரும் பக்க எண்ணும் இல்லாமல் யாரும் மேற்கோள் போடக் கூடாது. முதல் மாதம் குழுவே அமைதியாகிவிட்டது. இப்போது வாரத்துக்கு நான்கைந்துதான் வருகிறது, எல்லாவற்றையும் படிக்கிறோம்.

பதில்: இலங்கை, ஹட்டனிலிருந்து ஒரு ஆசிரியை

டீச்சர், நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இங்கே புத்தகக் கடைக்குப் போவதென்றாலே பஸ் ஏறி டவுனுக்கு இறங்க வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தது 'நூலகம்' என்ற இணையத்தளம்தான். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பழைய பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து போடுகிறார்கள். கொழுந்து பறிக்கிற தாயின் பிள்ளைக்கு மலையகத்துக் கதையை அதிலிருந்து எடுத்து வாசித்துக் காட்டியிருக்கிறேன். "மிஸ், இது எங்கட லயம் மாதிரியே இருக்கு" என்றான். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.

முழுதாக வாசிப்பது பற்றிக் கேட்டீர்கள். எனக்கும் அதே வருத்தம் இருந்தது. நாங்கள் ஐந்து பேர் பெரிய குழுவை விட்டுவிட்டு ஒரு சின்னக் குழு தொடங்கினோம். ஒரு நேரத்தில் ஒரே புத்தகம். இரவு ஒருவர் ஒரு அத்தியாயத்தை வாசித்துக் குரல் பதிவாகப் போட வேண்டும். என்னுடைய முறை வரும் நாளில் வாசிக்காமல் இருக்கவே முடியாது, நான்கு பேர் காத்திருக்கிறார்கள். ஒரு நாவலுக்கு இரண்டரை மாதம் எடுத்தது. கடைசி அத்தியாயம் வாசித்தவருக்குக் குரல் தழுதழுத்தது பதிவிலேயே கேட்கும்.

பதில்: ஊர்ப்புற நூலகர்

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ பகுதிநேர நூலகமோ இருக்கும். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உறுப்பினராகச் சேருங்கள், அந்தப் பெண்ணையும் சேர்த்துவிடுங்கள். புத்தகத்தின் கடைசியில் ஒட்டிய தாளில் திருப்பித் தர வேண்டிய தேதியை நாங்கள் முத்திரை குத்தித் தருவோம். அந்தத் தேதி மனதில் இருந்தால் புத்தகம் முடிந்துவிடும், இதை நான் வாசகர்களிடம் பார்த்திருக்கிறேன். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் ஏமாற வேண்டாம்.

மீண்டும் கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி இன்று மதிய உணவு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு தேடினேன். தானே தட்டச்சு செய்வதாகச் சொல்லி போனை வாங்கிக்கொண்டாள். அந்த நான்கு வரியிலிருந்து மூன்று சொல்லை எடுத்துப் பாதி பாதியாகப் போட்டுப் பார்த்தோம். கிடைக்கவில்லை. "இல்ல டீச்சர்" என்று ஒவ்வொரு முறையும் அவள்தான் சொன்னாள். பஸ்ஸில் இருந்த முகம் இல்லை இப்போது. கட்டுரைகளை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

தேடிக்கொண்டே போனவள் வசன கவிதையில் "காற்று" பகுதிக்கு வந்து நின்றுவிட்டாள். பந்தலில் தொங்குகிற இரண்டு கயிற்றுத் துண்டுகளுக்குக் கந்தன், வள்ளியம்மை என்று பெயர் வைத்து பாரதி பேசுகிற இடம். "கயித்துக்குப் பேரா?" என்று சத்தமாகச் சிரித்தாள், பிறகு விரலை வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தாள். நானும் அதை முழுதாக வாசித்தது இன்றுதான். பாதியில் மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், அந்தக் கயித்துக் கதை மிச்சம் எங்க இருக்கு?"

நாளை சனிக்கிழமை. நூலகத்துக்கு இரண்டு பேரும் போகிறோம்.