புதுப்பிப்பு: ஆங் சான் கொலை, நான் விட்ட பிழை

போன மாதம் இங்கே, பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் கொலையைப் பற்றி எழுதினேன். டேவிட் விவியன் என்ற ஆங்கிலேய கேப்டன் வழியாக, கொலைக்கு ஆள் ஏவியதாகத் தண்டிக்கப்பட்ட அரசியல் போட்டியாளர் ஊ சா கைக்குப் போன பிரென் துப்பாக்கிகளால்தான் சுட்டார்கள் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தப்பு.

ரங்கூன் டீக்கடையில் ஞாயிறுதோறும் கூடி இதையே அலசும் எங்கள் நாலு பேரில், ஓய்வுபெற்ற வாத்தியார்தான் பிடித்தார். 1947 ஜூலை 19 காலை செயலகத்துக்குள் நுழைந்தவர்களிடம் இருந்தவை டாமி கன், ஸ்டென் கன் என்ற வேறு வகைத் துப்பாக்கிகள். "தம்பி, பிரென் எங்கே வந்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சரி, இதனால் என்ன மாறுகிறது? நிறைய. ஆயுதம் கடத்த உதவியது ஒரு குற்றம். கொலைத் திட்டம் தெரிந்திருந்தது வேறு குற்றம். விவியனுக்கு 5 ஆண்டு தண்டனை கிடைத்தது ஆயுத விவகாரத்தில். 1949இல் கரென் இனக் கிளர்ச்சிப் படை, சிறை இருந்த இன்செய்னைப் பிடித்தபோது அவர் சிறையிலிருந்து வெளியேறிவிட்டார். பிரிட்டிஷார் மீதான சந்தேகம் ஊதிப் பெருத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஊ சாவோ 1948 மே மாதமே தூக்கிலிடப்பட்டுவிட்டார். கொலைக்குக் காரணம் "லண்டன் உத்தரவு" என்று நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

அப்புறம், இறந்தவர்கள் 9 பேர். கல்வி அமைச்சர் ரசாக்கின் மெய்க்காவலர் கோ ட்வே, 18 வயதுப் பையன், என் பட்டியலில் விடுபட்டிருந்தார். சேர்த்துவிட்டேன்.