கண்ணகி முடியாட்சியை எதிர்த்தவளா?

கேள்வி (நாடகப் பித்தன்): சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்கும் வழக்குரை காதையை மேடைக்கு எழுதுகிறேன். அரசனைப் பார்த்து 'தேரா மன்னா' (ஆராயாத மன்னனே) என்கிறாள், பிறகு ஊரையே எரிக்கிறாள். அவளை முடியாட்சிக்கு எதிரானவளாகக் காட்டலாமா? பாட்டில் அதற்கு இடமுண்டா?

பதில் (பரல்): இடமில்லை. 'தேரா மன்னா'வுக்கு அடுத்த வரிகளைப் படியுங்கள். நீ யார் என்று பாண்டியன் கேட்டதற்கு அவள் சொல்லும் பதில் அது. அவள் முதலில் தன் பெயரைச் சொல்லவில்லை. புறாவின் துயர் தீர்த்த சோழனையும், பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் சொல்லி, அவர்களுடைய புகார்தான் என் ஊர் என்கிறாள். பிறகு மாமனார் மாசாத்துவான், கணவன் கோவலன். கண்ணகி என்ற பெயர் கடைசியில்தான் வருகிறது.

சோழநாட்டு அளவுகோலால் பாண்டியனை அளக்கிறாள். அவள் வளர்ந்த ஊரில் நல்லரசன் என்றால் அப்படித்தான். காப்பியத்தின் முதல் வாழ்த்திலேயே திங்களைப் போற்றக் காரணம், அது சோழனின் வெண்குடை போல உலகை அளிப்பது! பாண்டியனும் அதே மொழியில்தான் பதில் சொல்கிறான்: 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' (கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை அல்ல). அரசன் வேண்டுமா என்பதல்ல வழக்கு, அவன் விசாரித்தானா என்பதே. அரசியின் சிலம்பைத் திருடியவன் கோவலன் என்ற பொற்கொல்லன் பேச்சை நம்பி, 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்று 16ஆம் காதையிலேயே சொல்லிவிட்டான்.

நாடகப் பித்தன்: அப்படியானால் மதுரையை ஏன் எரித்தாள்? அரசன்தான் இறந்துவிட்டானே.

வைகைக்கரை: 'ஒட்டேன் அரசோடு ஒழிப்பேன் மதுரையும்' (விடமாட்டேன், அரசோடு மதுரையையும் அழிப்பேன்) என்பது வஞ்சினம். கோன் தவறினால் குடியும் படும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அதுவும் முடியாட்சிச் சிந்தனைதான். தீயிலும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்குகிறாள். 29ஆம் காதையைக் கட்டாயம் படியுங்கள்: 'தென்னவன் தீதிலன்... நான் அவன்தன் மகள்' (பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள்). 22ஆம் காதையோடு நாடகத்தை முடிப்பவர்கள் இந்த வரியை இழக்கிறார்கள். ஆனால் வணிகர் குடிப் பெண்ணொருத்தி அரசவையில் கணக்குக் கேட்டதைக் குறைத்துவிடாதீர்கள், காட்சியின் உயிரே அது.

பரல்: இன்னொன்று. பல மேடைகளில் அவள் கையிலிருக்கும் சிலம்பை உடைக்கிறாள். அது தவறு. கோவலனிடம் பறித்த சிலம்பைப் பாண்டியன் வரவழைத்து முன்வைக்கிறான், உடைவது அதுதான். அரசியின் சிலம்பில் முத்து, இதில் மாணிக்கம். கைச்சிலம்பை உடைத்தால் பறித்த சிலம்பு யாருடையது என்பது நிரூபணமாகாது, 'யானோ அரசன், யானே கள்வன்' என்று அவன் சரிவதற்கும் காரணம் இருக்காது. பொருள் பட்டியலில் இரண்டு சிலம்பு எழுதுங்கள். உடையும் சிலம்புக்குள் சிவப்புப் பரல், தெறிக்கும் திசை அரசன் முகம்.