ஆறடி இரண்டு அங்குலம், 118 கிலோ: என் முதல் சைக்கிளும் இரண்டாவது சைக்கிளும்

திருச்சியிலிருந்து:

போன வருடம் தை மாதத்தில் என் எடை 118 கிலோ. உயரம் 6 அடி 2 அங்குலம். டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் குதிகால் வலி தாங்கவில்லை. அப்படியென்றால் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள் என்றார். சின்ன வயதில் அப்பாவின் வண்டியில் குரங்குப் பெடல் போட்டதோடு சரி. 41 வயதில்தான் மறுபடி சைக்கிள் கடைப் படி ஏறினேன். உடம்பும் உயரமும் உள்ள ஒருவர் முதல் சைக்கிளில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. இனிமேல் வாங்கப் போகிறவருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க ஹைட்டுக்கு 29 இன்ச்தான் சார் சரிவரும்" என்றார். முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர், 21 கியர், டிஸ்க் பிரேக். 13,500 ரூபாய். பார்க்கப் பெரிய வண்டியாக இருந்தது, நம்பி வாங்கிவிட்டேன். அந்த 29 என்பது சக்கரத்தின் அளவு என்பது எனக்குத் தெரியாது. நம் காலுக்கும் முதுகுக்கும் பொருந்த வேண்டியது ஃப்ரேம். அது வெறும் 17 இன்ச்.

பத்து நாளில் முழங்காலுக்கு முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. பழக்கமில்லாத உடம்பு, போகப் போகச் சரியாகும் என்று பொறுத்துக்கொண்டேன். பொறுத்திருக்கக் கூடாது. சீட்டு தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். எடை கூடியவர்களுக்கு அது இன்னும் மோசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே அளந்தேன். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் சீட்டு போல மேலே நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டேன். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரில் தொட்ட இடத்தில் மனைவி பென்சிலால் கோடு போட்டார். தரையிலிருந்து 89 செ.மீ. இதை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல் வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். எனக்கு 78.6 செ.மீ. என் வண்டியில் சீட் பில்லரை, அதாவது சீட்டைத் தாங்கும் குழாயை, அதில் போட்டிருக்கும் எல்லைக் கோடு வரை உயர்த்தியும் 70 செ.மீ. தான் வந்தது. எட்டரை செ.மீ. குறைவு! கோட்டுக்கு மேலே இழுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. பில்லர் போதுமான ஆழம் உள்ளே இல்லையென்றால், நம் எடைக்கு அதுவோ ஃப்ரேமோ முறியும்.

இது உயரத்தின் கதை. எடையின் கதை பின் சக்கரத்தில் இருந்தது. மூன்றாவது வாரம் காவிரிப் பாலத்தில் வந்துகொண்டிருந்தபோது 'டங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், பின் சக்கரத்தில் ஒரு போக்ஸ் கம்பி ஹப் (சக்கரத்தின் நடு உருளை) பக்கம் அறுந்து தொங்குகிறது. ரிம் கோணிக்கொண்டு ஃப்ரேமில் உரசியது. அங்கிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன். கடையில் ஒரு கம்பியை மாற்றிக் கொடுத்தார்கள். பத்து நாளில் இன்னொன்று. இரண்டு மாதத்தில் நாலு கம்பி போனது. நாலும் கியர் பக்கம், நாலும் ஹப்பில் வளைந்து நுழையும் அந்த முழங்கை இடத்தில்.

அப்புறம்தான் வண்டியோடு கொடுத்த சின்னப் புத்தகத்தைப் பிரித்தேன். தாங்கும் எடை 100 கிலோ என்று போட்டிருந்தது, அதுவும் வண்டியின் எடையையும் சேர்த்து. விற்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அந்த வண்டியை விற்றுவிட்டு, ரோடு வண்டிக்கும் மலை வண்டிக்கும் நடுவான பழைய ஹைப்ரிட் ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். 21 இன்ச் ஃப்ரேம், ஷாக் இல்லாத நேர் ஃபோர்க், 700க்கு 40 (40 மி.மீ. அகல) டயர். பின் சக்கரத்தை மட்டும் பிரித்து, 36 கம்பி, டபுள் வால் (இரட்டைச் சுவர்) ரிம், கேசட் ஹப் போட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னேன். அதற்கு 3,200. மொத்தம் 12,200 ரூபாய். முதல் வண்டியை விடக் குறைந்த காசு. ஒரு வருடத்தில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன், ஒரு கம்பி அறுந்ததில்லை. எடை இப்போது 104.

உங்களுக்கு எப்படி நடந்தது என்று சொல்லுங்கள்.

*

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து:

அண்ணே, எனக்கு உங்களை விட ஓர் அங்குலம் குறைவு, எடை ஏழு கிலோ கூடுதல். நான் கியர் வண்டிப் பக்கமே போகவில்லை. கறுப்பு நிற பழைய மாதிரி வண்டிதான் வாங்கினேன். அதில் ஃப்ரேம் 22 இன்ச், 24 இன்ச் என்று இரண்டு உண்டு. கடையில் பெரும்பாலும் 22 தான் நிற்கும், 24 வேண்டும் என்று சொல்லிவைத்தால் வரவழைப்பார்கள். எனக்குப் பதினைந்து நாள் ஆனது. காத்திருந்தது வீண் போகவில்லை. அதில் ஏறி உட்கார்ந்தபோதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சைக்கிளில் கால் முழுதாக நீண்டது.

எங்கள் ஊரில் இந்த வண்டியின் கேரியரில் ஒரு நெல் மூட்டையைப் போட்டு, அதோடு ஆளும் ஏறி மிதித்துப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது எப்படித் தாங்குகிறது என்று வாங்கிய பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். முன் சக்கரத்தில் 32 கம்பி, பின்னே 40 கம்பி. பாரம் எங்கே இறங்கும் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள். ஃப்ரேம் முழுக்க இரும்பு. சக்கரம் 28 இன்ச், டயர் ஒன்றரை இன்ச் அகலம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வண்டியே இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். கியர் கிடையாது. பாலம் ஏறும்போது இறங்கித் தள்ளத்தான் வேண்டும், எதிர்க்காற்றில் நாக்கு வறண்டுவிடும். மழையில் அந்த ராடு பிரேக் சட்டென்று பிடிக்காது, முன்கூட்டியே அழுத்த வேண்டும். எங்களுடையது சமவெளி, ஆற்றங்கரை ரோடு, எனக்குப் போதும். ஏற்காடு, ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

*

புதுக்கோட்டையிலிருந்து:

நான் பெண், 5 அடி 9 அங்குலம், 96 கிலோ, 38 வயதில் கற்றுக்கொண்டேன். எந்தக் கடைக்குப் போனாலும் கேட்காமலேயே லேடீஸ் வண்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். கூடை, பூப்போட்ட செயின் கவர், கைக்கு அடக்கமான ஃப்ரேம். அதில் திரும்பும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. இரண்டு முறை விழுந்தேன். எனக்குத்தான் வரவில்லை என்று விட்டுவிட இருந்தேன்.

அம்மாதான் "ஜென்ட்ஸ் வண்டி எடு" என்றார். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்களில் அம்மாவும் ஒருவர். அன்றைக்கு லேடீஸ் வண்டி போதுமான அளவு கிடைக்காமல் பலர் பார் வைத்த வண்டியில்தான் கற்றார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. அம்மா என்னையும் அப்படி வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போயிருக்கிறார்.

பார் இருக்கிற வண்டியில் சேலையோடு ஏறுவது சிரமம், சுடிதாரோடு ஏறுவது சுலபம். ஏறும்போது வண்டியை உங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொண்டு காலைப் போடுங்கள். நின்றபடி பாருக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். இதை மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். கற்றுக்கொள்ளும் முதல் வாரத்துக்கு மட்டும் சீட்டைக் கொஞ்சம் இறக்கி, இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்துக்கொண்டேன். பெடலைத் தொடாமல் காலால் உந்தி உந்திப் போய், சமநிலை வந்த பிறகு சீட்டை ஏற்றினேன். எடை அதிகம் உள்ளவர்களுக்கு விழுகிற பயம்தான் பெரிய தடை. இந்த வழியில் நான் அப்புறம் விழவேயில்லை.

*

மதுரையிலிருந்து:

26 வருடமாகச் சைக்கிள் வேலை பார்க்கிறேன். திருச்சிக்காரர் சொன்ன கம்பிக் கதை என் கடைக்கு வாரத்துக்கு ஒன்று வரும். எடை அதிகம், அதனால் கம்பி அறுந்தது என்று ஆளைக் குறை சொல்லி அனுப்புவது தப்பு. சக்கரம் உருளும்போது, தரைக்கு நேராக வருகிற கம்பிகளில் இறுக்கம் குறையும், மேலே போனதும் திரும்ப ஏறும். கம்பி முதலிலேயே லூசாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அது தொய்ந்து தொய்ந்து இழுபடும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் உடைகிற மாதிரிதான் இதுவும், வளைந்த இடத்தில் அறும். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் விட்டால் அடுத்தது போகத்தான் செய்யும்.

புது வண்டி வாங்கினதும் சக்கரத்தின் ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே சுருதியில் 'டிங்' என்று வர வேண்டும். ஒன்று 'டிங்', ஒன்று 'டொப்' என்றால் அன்றைக்கே கோட்டம் எடுத்து இறுக்கச் சொல்லுங்கள். முதல் 200 கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை. இதற்கு ஆகும் கூலி பெரிய தொகை இல்லை.

ரிம் டபுள் வாலா என்று பார்க்க டயரைக் கழற்றினால் போதும். டியூப் உட்காருகிற பள்ளத்தில் டேப்பை விலக்கினால் நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்) தலை நேராகக் கையில் தட்டுப்பட்டால் சிங்கிள் வால். ஓட்டைக்குள் கீழே, இன்னொரு தட்டில் நிப்பிள் தெரிந்தால் டபுள் வால். 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான்.

அடுத்தது ஹப். பின்னால் 7 பல்சக்கரம் உள்ள விலை குறைந்த கியர் வண்டிகளில் ஃப்ரீவீல், அதாவது அந்தப் பல்சக்கரத் தொகுதி, தனியாக மரையில் முறுக்கி மாட்டுகிற மாதிரி வரும். அதில் கியர் பக்கத்துப் பால்ஸ் (அச்சைத் தாங்கும் பேரிங் குண்டுகள்) உள்ளே தள்ளி இருக்கும், அதற்கு வெளியே அச்சு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். பாரமான ஆள் பள்ளத்தில் இறங்கினால் அச்சு அங்கேதான் வளையும். கேசட் ஹப்பில் அந்தப் பால்ஸ் ஓரத்துக்கு வந்துவிடும், அதனால் தாங்கும். திருச்சிக்காரர் 3,200 கொடுத்தது நியாயமான செலவு.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. டயரின் பக்கவாட்டில் குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும். உடம்பு உள்ளவர்கள் மேல் அளவை ஒட்டியே அடியுங்கள். டியூபில் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது முள் குத்தியதில்லை, காற்று குறைவாக ஓட்டியதால் ரிம் கடித்தது.

முன் ஷாக் வைத்த மலிவு வண்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்த ஸ்பிரிங் 65, 70 கிலோ ஆளுக்குப் போட்டது. நூறு கிலோ உட்கார்ந்தால் பாதி அமுங்கியே நிற்கும், பள்ளத்தில் 'டக்' என்று அடி வாங்கும்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

நானும் ஆறடி. அப்பாவின்ரை பழைய ராலே 24 இன்ச் சைக்கிள் வீட்டு விறாந்தையில் நின்றது. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் முழுக் குடும்பத்தையும் சுமந்த சைக்கிள் அது. புதுசு வாங்கக் காசு சேர்க்கிறதை விட்டுப்போட்டு அதையே திருத்தினேன். இரண்டு சில்லுக்கும் புதுக் கம்பி, ரயர், ரியூப், பெடல், சீற். ஃபிரேமிலை கைவைக்கவே தேவையில்லை. உங்கடை வீட்டிலையும் அப்படி ஒன்று நிண்டால், கடைக்குப் போக முதல் அதைப் பாருங்கோ.

*

சேலத்திலிருந்து:

என் பையன் பதினொன்றாவது படிக்கிறான், ஆறடி ஓர் அங்குலம், 92 கிலோ. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளில் போகிறான். முழங்கால் வலி என்கிறான். புதுசு வாங்க இப்போது வசதியில்லை. என்ன செய்யலாம் அண்ணா?

*

திருச்சியிலிருந்து:

தம்பிக்கு முதலில் நான் சொன்னபடி கால் அளவு எடுத்து, சீட்டு எத்தனை செ.மீ. தாழ்வு என்று பாருங்கள். கணக்குப் பிடிபடவில்லையென்றால், அவன் சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே விட்டு, அதில் குதிகாலை வைக்கட்டும். கால் மடங்காமல் நேராக நீண்டால் உயரம் சரி. குறைவு நாலைந்து செ.மீ. என்றால் நீளமான சீட் பில்லர் தனியாகக் கிடைக்கும். பழையதைக் கழற்றிக் கொண்டுபோய் அதே பருமன் கேட்டு வாங்குங்கள், அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கூட நழுவும். எல்லைக் கோடு புது பில்லரிலும் இருக்கும், அது ஃப்ரேமுக்குள்தான் இருக்க வேண்டும். கூடவே, மதுரைக்காரர் சொன்ன மாதிரி பின் சக்கரக் கம்பியைச் சுண்டிப் பார்த்து இறுக்கிவிடுங்கள்.

பிறகு வசதி வரும்போது வாங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போது வாங்கினாலும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் ஏறி, கடை வாசலிலிருந்து தெருமுனை வரை ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்து இறங்கின பிறகு பணத்தை எடுங்கள்.

அவன் கால் அளவு எடுத்ததும் இங்கே எழுதுங்கள், ஃப்ரேம் அளவைச் சேர்ந்து பார்ப்போம்.