தேசிய ரக்பி அணி: செவன்ஸ் ஆட்களை வைத்தே 15 பேரை நிரப்பலாமா?

சிப்புட் பாடாங்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பையன்களுக்கு மாலையில் ரக்பி பழக்குகிறவர்களிடையே மலேசியத் தேசிய அணித் தேர்வு பற்றி ஒரே வாக்குவாதம். ஒரு தரப்பு சொல்வது: 2017 சீ விளையாட்டுப் (தென்கிழக்கு ஆசிய) போட்டியில் தங்கம் எடுத்துக் கொடுத்தது செவன்ஸ், அதாவது 7 பேர் அணி. வேகமான கால்கள் எல்லாம் செவன்ஸிலும், 10 பேர் ஆடும் டென்ஸிலும்தான் கிடக்கின்றன. அவர்களையே 15 பேர் ஆட்டத்துக்கும் எடு, உடம்பு பத்தாத இடத்துக்கு ஃபிஜியில் பிறந்து இங்கே கிளப்பில் ஆடுகிறவர்களைப் போடு, வேலை முடிந்தது. மறு தரப்போ, மாநில ஆட்டத்தில் 80 நிமிடம் தாங்கியவனைத் தவிர வேறு யாரையும் தொடாதே என்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 23 பேரை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? வெளிநாட்டில் பிறந்தவருக்கு இப்போது விதி என்ன? கூடவே ஒன்று: இங்கே படிவம் 5 படிக்கும் ஒரு பையன், 108 கிலோ, பள்ளி அணியில் நம்பர் 8, அதாவது எட்டுப் பேர் பிணைந்து எதிரணியைத் தள்ளும் ஸ்க்ரமின் கடைசி ஆள். ப்ராப் (ஸ்க்ரம் முன்வரிசையின் ஓர ஆள்) ஆக்கினால்தான் மேலே போவான் என்கிறார்கள். சரியா?

மூணாம் நம்பர்:
3ஆம் நம்பர் ஜெர்சியிலிருந்து எண்ணுங்கள். ஓரத்தில் ஓடும் விங்கிலிருந்து எண்ணுகிறவர் ரசிகர், தேர்வாளர் இல்லை.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 23 பேர் பட்டியல் கொடுத்தால் அதில் 6 பேர் ஸ்க்ரமின் முன்வரிசையில் ஆடப் பழகியவர்களாக இருக்க வேண்டும். லூஸ்ஹெட் (1, இடப்பக்க ப்ராப்), ஹூக்கர் (2, நடுவில்), டைட்ஹெட் (3, வலப்பக்க ப்ராப்) மூன்றுக்கும் தலைக்கு ஒரு மாற்று. பெஞ்சில் 8 இடம், அதில் 3 அப்போதே போச்சு. ஒரு லாக் (ஸ்க்ரமின் இரண்டாம் வரிசை), ஒரு பின்வரிசை ஆள் (ஃபிளாங்கர் அல்லது நம்பர் 8), ஒரு ஸ்க்ரம்-ஹாஃப் (9, ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுப்பவர்) போட்டால் மிச்சம் 2. நாம் சண்டை போடுவதெல்லாம் அந்த இரண்டு இடத்துக்குத்தான்.

1ஆம் நம்பரும் 3ஆம் நம்பரும் ஒரே வேலை என்று நினைப்பதுதான் வழக்கமான கோளாறு. லூஸ்ஹெட்டுக்கு ஒரு தோள் வெளியே இருக்கும். டைட்ஹெட்டின் தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவில் மாட்டும், இரண்டு தோளிலும் பாரம் இறங்கும். 'இவர் இரண்டு பக்கமும் ஆடுவார்' என்று பட்டியலில் எழுதுவது சுலபம். 60ஆவது நிமிடத்தில் பழகாத பக்கம் போட்டால் இடுப்பு வெளியே திரும்பும், ஸ்க்ரம் சரியும், நடுவர் பெனால்டி கொடுப்பார். எதிரணி டச்சுக்கு (பக்கக் கோட்டுக்கு வெளியே) உதைத்து, நம் கோட்டுக்கு 5 மீட்டரில் லைன்அவுட் (பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிவது) எடுத்து, மால் கட்டி (பந்து வைத்திருப்பவரைச் சுற்றிக் கூட்டமாகப் பிணைந்து) தள்ளி, கோட்டுக்குப் பின்னால் பந்தை அழுத்தி டிரை வைக்கும். அந்த நேரம் முழுக்க உங்கள் செவன்ஸ் நட்சத்திரம் விங்கில் இடுப்பில் கை வைத்து நிற்பார்.

செவன்ஸ் ஸ்க்ரமில் பக்கத்துக்கு 3 பேர், டென்ஸில் 5 பேர். டென்ஸ் நம் மண்ணில் பிறந்த ஆட்டம், அந்தப் பெருமை இருக்கட்டும். ஆனால் அவற்றிலேயே வளர்ந்தவருக்கு 8 பேர் தள்ளுகிற பாரம் கழுத்தில் ஏறியிருக்காது. மலேசியா 2017ல் ஈப்போவில் ஆசிய டிவிஷன் 1 வென்று, 2018ல் ஹாங்காங், தென் கொரியாவோடு மேல் பிரிவில் ஆடி பலமாக அடி வாங்கியது. என் பார்வையில் அது வேகக் குறைவால் வந்த அடி இல்லை.

விசில்:
வெளிநாட்டில் பிறந்தவர் கேள்விக்கு மட்டும் பதில். உலக ரக்பி விதிப்படி நாலு வழி உண்டு. இங்கே பிறந்திருக்கலாம். பெற்றோரில் அல்லது தாத்தா பாட்டியில் ஒருவர் இங்கே பிறந்திருக்கலாம். ஆடும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக 60 மாதம் இங்கத்திய ரக்பி சங்கத்திலோ அதன் கிளப்பிலோ மட்டுமே பதிவாகியிருக்கலாம். அல்லது விட்டு விட்டு என்றாலும் மொத்தம் 10 வருடம் இங்கே குடியிருந்திருக்கலாம். முன்பு 36 மாதம் குடியிருந்தால் போதும், பழைய கணக்கையே இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 10 வருட வழிக்குக் கிளப் ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது, நிரந்தர வீடு இங்கேதான் என்று காட்ட வேண்டும்.

அவர் ஏற்கெனவே ஃபிஜியின் மூத்த அணிக்கு ஆடியிருந்தால் பதிவு, குடியிருப்பு வழிகள் அடைபட்டுவிடும். 2022 முதல் நாடு மாறலாம், ஆனால் ஒரே முறை. சர்வதேச ஆட்டம் இல்லாமல் 3 வருடம் இருக்க வேண்டும், புதிய நாட்டில் அவரோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிறந்திருக்க வேண்டும்.

சீ விளையாட்டுக்கும் ஆசிய விளையாட்டுக்கும் மலேசியப் பாஸ்போர்ட் வேண்டும். அதாவது 60 மாதம் பதிவில் இருந்த வெளிநாட்டவர் 15 பேர் அணிக்கு ஆடலாம், சீ விளையாட்டு செவன்ஸுக்கு ஆட முடியாது. உங்கள் முதல் தரப்பு இரண்டையும் ஒரே பட்டியலாக நினைப்பதே தப்பு.

ஈப்போ ஓரம்:
முன்வரிசை பற்றி மூணாம் நம்பர் அண்ணன் சொன்னதில் மறுப்பு இல்லை. அதற்காக செவன்ஸ் ஆட்களை ஓரங்கட்ட வேண்டாம், எங்கே போடுகிறோம் என்பதுதான் கேள்வி. வேகமானவரை 13இல் (வெளிப்பக்க சென்டர்) போட எல்லாருக்கும் ஆசை. தற்காப்பில் மிகக் கஷ்டமான இடம் அதுதான். உள்ளே வருவதா, வெளியே சறுக்குவதா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும், செவன்ஸில் கற்ற இடைவெளிக் கணக்கு அங்கே செல்லாது. முதல் சீசன் 11 அல்லது 14இல், அதாவது விங்கில் வையுங்கள். அங்கேயும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: எதிரணி 10 (ஃப்ளை-ஹாஃப், ஆட்டத்தை நடத்தி உதைப்பவர்) உதைக்கத் தயாரானால் பந்து இல்லாத பக்கத்து விங் பின்னால் இறங்கி, கடைசிக் காவலான ஃபுல்பேக்கோடு சேர்ந்து நிற்கிறாரா? அதை மறக்கிறவரின் தலைக்கு மேலேயே பந்து வரும்.

அளவெடுக்காமல் தேர்வு பற்றிப் பேசினால் கடைசியில் 'என் மாநிலம், உன் மாநிலம்' என்றுதான் முடியும். பிராங்கோ ஓட்டம் உங்கள் தோட்டத் திடலிலேயே வைக்கலாம். 0, 20, 40, 60 மீட்டரில் கூம்பு. 20 போய் வர, 40 போய் வர, 60 போய் வர 240 மீட்டர். இடைவெளி விடாமல் 5 சுற்று, மொத்தம் 1200. என் கணக்கில் மாநில அளவுக்கு விங், ஃபுல்பேக், 9, 10 எல்லாம் 4 நிமிடம் 50 நொடிக்குள், பின்வரிசை 5:05, முன்வரிசை 5:40. நியூசிலாந்து நட்சத்திரம் போடன் பேரட் 4:12 ஓடினார், அதை வைத்துப் பையன்களைத் திட்டாதீர்கள்.

நேரம் பொய்யாவது எப்படி என்றால், தூரத்தை எட்டு வைத்து அளப்பார்கள். டேப் பிடித்து அளக்கவும். கோட்டை மிதிக்காமல் திரும்புவார்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு ஆள் நிற்கட்டும். மழை விட்ட திடலில் திரும்பும்போது வழுக்கும், அதில் மட்டும் 10 நொடி போகும். காலை 7:30க்கு ஓடியவரையும் மாலை 4 மணி வெயிலில் ஓடியவரையும் ஒரே பட்டியலில் வைக்காதீர்கள்.

ஆட்டத்தில் டிரையை எண்ணாமல், டேக்கிள் முயற்சி, தவறியது, ரக்குக்கு (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் நடக்கும் தள்ளு) முதல் இரண்டு ஆளாக வந்தது, கொடுத்த பெனால்டி என்று நாலு பத்தி போட்டு வீடியோவில் எண்ணுங்கள். 20 முயற்சியில் 18 பிடித்த ஃபிளாங்கர் 3 பெனால்டி கொடுத்திருந்தால், அந்த 18க்கு மதிப்பு கொஞ்சம் குறைவுதான்.

சிப்புட் பாடாங்:
நன்றி அண்ணன்களே. ஃபிளாங்கர் ஒருவரையே ஹூக்கராகவும் பழக்கினால் பெஞ்சில் ஓர் இடம் மிச்சமாகுமே? 2023 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா செய்தது அதுதானே?

மூணாம் நம்பர்:
செய்தது. ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் காயத்தில் போனபோது அவர் இடத்துக்கு ஃப்ளை-ஹாஃப் ஹாண்ட்ரே போலார்டைக் கூப்பிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் பெஞ்சில் 7 ஃபார்வர்ட் (ஸ்க்ரம் தள்ளுகிறவர்கள்), 1 பேக் (பின்னால் ஓடுகிறவர்). ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்தில் ஹூக்கர் போங்கி எம்போனாம்பி காயத்தோடு வெளியேற, ஃபிளாங்கர் டியோன் ஃபூரி கிட்டத்தட்ட முழு ஆட்டத்தையும் ஹூக்கராக இழுக்க வேண்டியதாயிற்று, லைன்அவுட்டில் பந்தை எறிவதும் ஹூக்கர் வேலை என்பதால் அது தடுமாறியது. 12க்கு 11 என்று தப்பித்தார்கள், அந்த 12ம் போலார்டின் கால்தான். ஃபூரி முன்பு பல வருடம் ஹூக்கராகவே ஆடியவர் என்பதை மறந்துவிட வேண்டாம். நம்மிடம் அப்படி ஆள் இருந்தால் செய்யலாம்.

இருக்கிறாரா என்று பார்க்கப் பயிற்சியின் தொடக்கத்தில் லைன்அவுட் எறியச் சொல்லாதீர்கள். கடைசியில், மூச்சு வாங்கும்போது, வாளித் தண்ணீரில் நனைத்த பந்தால் 30 எறிதல்: முன்னால் 10, நடுவில் 10, கடைசி ஆளுக்கு 10. முன்னால் எறிவதை எல்லாரும் போடுவார்கள். கடைசி ஆளுக்கு 10இல் 7 நேராகப் போகாவிட்டால் அவர் ஃபிளாங்கராகவே இருக்கட்டும்.

108 கிலோ பையனைப் பற்றி: யோசனை சரி, அவசரம்தான் ஆபத்து. 19 வயதுக்குட்பட்டோர் சட்டத்தில் ஸ்க்ரமை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. அங்கிருந்து நேரே பெரியவர் ஆட்டத்துக்குப் போகும் ப்ராப்தான் கழுத்தைக் கெடுத்துக்கொள்கிறான், நம்பர் 8ஆக இருந்தவனுக்கு அந்தப் பழக்கமும் இல்லை. முதல் 6 வாரம் ஸ்க்ரமே வேண்டாம். கழுத்துக்கு முன், பின், இரு பக்கம், கையால் எதிர்ப்புக் கொடுத்து 10 நொடி, 3 சுற்று, வாரத்தில் 3 நாள். பிறகு ஒருவருக்கு ஒருவர், அப்புறம் 3க்கு 3, 5க்கு 5, கடைசியாக 8. ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் நின்று முதுகைப் பாருங்கள். தோள் இடுப்பைவிடக் கீழே போனால் உடனே நிறுத்த வேண்டும். லூஸ்ஹெட்டில் ஒரு முழு சீசன் ஆடட்டும், டைட்ஹெட் அதற்கு அப்புறம்.

ஈப்போ ஓரம்:
நம்பர் 8 என்றால் ஓட்டப் பழக்கம் இருக்கும், அது ப்ராப்புக்கு லாபம். ஆனால் முதலில் பிராங்கோ ஓட விடுங்கள். 5:40க்கு மேல் போனால் எடை ஏற்றுகிற பேச்சே வேண்டாம்.