டிரெஸ்ஸிங், டிரூயிங், புரொஃபைலிங்: சாணைச் சக்கரத்துக்கு மூன்று சொற்கள்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பற்சக்கர உற்பத்தியில் சாணைச் சக்கரத்தின் மேல் செய்யப்படும் டிரெஸ்ஸிங், டிரூயிங், புரொஃபைலிங் ஆகிய மூன்றையும் 'செப்பனிடல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம் என்ற பரிந்துரையைக் கவனமாகப் படித்தேன். அது எளிய சொல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இம்மூன்றும் வெவ்வேறு வேலைகள். அவற்றுள் இரண்டு, சில வகைச் சக்கரங்களில் ஒன்றுக்கொன்று எதிரான விளைவைத் தருபவை. இயந்திரக் கையேட்டைத் தமிழில் படிக்கும் ஒருவர், சக்கரம் மழுங்கியதால் நிறுத்த வேண்டுமா, உருக் கெட்டதால் நிறுத்த வேண்டுமா என்று சொல்லைக் கொண்டே அறிய முடிய வேண்டும்.

சாணைச் சக்கரம் என்பது மணிகள், அவற்றைப் பிடித்து நிறுத்தும் பிணைப்பு, இடையிலுள்ள வெற்றிடங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தது. வெட்டுவது மணியின் விளிம்பு. வெட்டிய துகளை ஏந்திக்கொள்வதும் குளிர்விப்பு எண்ணெயை வெட்டுமிடத்துக்குக் கொண்டுசெல்வதும் வெற்றிடம். ஓடும்போது மணிகளின் நுனி தேய்ந்து தட்டையாகிவிட்டால் 'வீல் கிளேஸ் ஆகிவிட்டது' என்கிறோம்; வெற்றிடங்களில் உலோகத் துகள் அப்பிக்கொண்டால் 'லோட் ஆகிவிட்டது' என்கிறோம். முன்னதற்கு 'மழுங்கல்' என்பதும் பின்னதற்கு 'அப்பல்' என்பதும் போதும் என்று கருதுகிறேன். இவற்றில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. மழுங்கிய சக்கரத்தை நிறுத்திக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால், தேய்ந்த மணிகளின் தட்டை முகங்கள் பளபளப்பது தெரியும். அப்படிப்பட்ட சக்கரம் வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் வெப்பம் ஏறும். மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட பற்சக்கரத்தின் பல்முகத்தில், ராக்வெல் அளவில் 58 முதல் 62 வரை இருக்க வேண்டிய கடினம் அவ்வெப்பத்தில் ஆங்காங்கே குறைந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம். நைட்டால் கரைசலில் (ஆல்ககாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) முக்கி எடுத்தால், இளகிய இடங்கள் கறுத்தும், அதைவிடக் கடுமையாகச் சூடேறி மீண்டும் கடினப்பட்ட இடங்கள் வெளுத்தும் காட்டிக்கொடுக்கும். இதைத் தடுப்பதற்குத்தான் டிரெஸ்ஸிங். தேய்ந்த மணிகளை உடைத்தும் பெயர்த்தும், அப்பிய துகளை அகற்றியும், புதிய விளிம்புகளை வெளிக்கொணர்ந்து சக்கரத்தின் முகத்தைத் 'திறந்து' விடும் வேலை அது.

டிரூயிங் வேறு. புதிதாகப் பூட்டிய சக்கரம் துளைக்கும் தண்டுக்கும் இடையிலான சிறு இடைவெளியால் மையம் விலகி ஓடும். வேலை செய்த சக்கரம் சீரின்றித் தேய்ந்து உருவம் மாறும். அப்பிழையை நீக்கிச் சுழலச்சுக்கு ஒத்த சரியான வடிவத்தை மீட்பதே டிரூயிங். சுடுமண் பிணைப்புள்ள அலுமினா சக்கரத்தில் ஒற்றை முனை வைரத்தை ஒருமுறை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகவே நடந்துவிடுகின்றன; பட்டறையில் இரண்டையும் 'டிரெஸ்ஸிங்' என்றே சொல்லிப் பழகியதன் காரணமும் அதுவே. ஆனால் பிசின் பிணைப்புள்ள சி.பி.என். (கன போரான் நைட்ரைடு என்னும் மிகக் கடினமான மணி) சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிரூயிங் முடிந்தவுடன் அதன் உருவம் துல்லியமாக இருக்கும். ஆயினும் மணிகளும் பிணைப்பும் ஒரே மட்டத்தில் வழவழவென்று மூடிக்கிடப்பதால் அது வெட்டாது. பின்னர் வெள்ளை அலுமினாக் கட்டியை அதன்மேல் அழுத்திப் பிணைப்பை அரித்து மணிகளைத் துருத்தச் செய்தால்தான் அது வேலைக்கு ஆகும். முதல் வேலை மூடுகிறது, இரண்டாம் வேலை திறக்கிறது. இரண்டையும் செப்பனிடல் என்றால், 'செப்பனிட்ட பின் செப்பனிடுக' என்றுதான் கையேட்டில் எழுத வேண்டியிருக்கும்.

டிரெஸ்ஸிங்குக்கு நான் முன்வைக்கும் சொல் 'பொளிதல்'. அம்மி வழவழப்பாகி மிளகாய் அரைபடாமல் நழுவும்போது உளியால் அதைக் கொத்திச் சொரசொரப்பாக்குவதைச் சில வட்டாரங்களில் அம்மி கொத்துதல் என்றும் சில வட்டாரங்களில் அம்மி பொளிதல் என்றும் சொல்கிறோம். செய்கையின் நோக்கம், காரணம், விளைவு மூன்றும் இங்கே அப்படியே பொருந்துகின்றன. செப்பனிடல், சீராக்கல், மெருகிடல் ஆகியவை எல்லாம் மேடு பள்ளத்தைப் போக்கி வழவழப்பாக்குவதை நினைவூட்டுகின்றன. டிரெஸ்ஸிங்கின் நோக்கமோ நேர்மாறானது. 'கூராக்கல்' என்ற மாற்றுப் பரிந்துரையும் வந்திருக்கிறது. பற்சக்கரத் தொழிலில் ஹாப், ஷேப்பர் கட்டர் போன்ற பல்வெட்டும் கருவிகளைச் சாணை பிடித்துக் கூர்தீட்டும் வேலை தனியே இருப்பதால், சாணைச் சக்கரத்துக்கும் அச்சொல்லைத் தருவது குழப்பமாகும்.

கொத்துதலை விட்டுப் பொளிதலைத் தேர்ந்தது கூட்டுச்சொற்களுக்காக. ஒற்றை வைரம் பதித்த கருவி பொளிமுனை. வைர மணிகள் பதித்துச் சுழலும் உருளை பொளியுருளை. வட்டத்தட்டு வடிவில் இருந்தால் பொளிதட்டு. பல் ஹோனிங்கில் (பல்முகத்தை நுண்மையாக முடிக்கும் வேலை) பயன்படும் உட்பல் சாணை வளையத்தைப் பொளிவதற்கு, செய்யவேண்டிய பற்சக்கரத்தின் பல்லமைப்பையே கொண்டு வைரம் பூசிய சக்கரம் ஒன்று உண்டு. அதைப் பொளிசக்கரம் என்னலாம். மின்முலாம் மூலம் ஒரே அடுக்கு சி.பி.என். மணிகள் பதித்த சக்கரத்தைப் பொளிய முடியாது, ஏனெனில் அந்த அடுக்குக்குக் கீழே இருப்பது வெறும் எஃகு உடல்; அது பொளியா வகை. இவ்வளவும் ஒரே வேரிலிருந்து இடறின்றிக் கிளைக்கின்றன. 'பொளிவு' என்ற பெயர்ச்சொல் வடிவத்தை மட்டும் நாம் தவிர்க்க வேண்டும். பேச்சில் ளகர லகர வேறுபாடு மங்கும் இடங்களில் அது 'பொலிவு' என்று கேட்கும். மழுங்கிப் பளபளக்கும் சக்கரத்துக்கே பொருந்தக்கூடிய சொல்லை அதற்கான மருந்துக்குச் சூட்டியதாகிவிடும்.

டிரூயிங்குக்கு 'உருத்திருத்தல்' என்பேன். 'வட்டமாக்கல்' என்பதை ஏற்காததற்குக் காரணம் பற்சக்கரச் சாணையின் இயல்பே. பல்லிடைப் பள்ளத்தின் வடிவத்திலேயே முகம் அமைந்த உருச்சாணைச் சக்கரத்துக்கு வட்டம் மட்டும் போதாது. தொடர் உருவாக்கச் சாணையில், அதாவது சுவிட்சர்லாந்தின் ரைஷவர் நிறுவனத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் முறையில், சக்கரமே புழுத்திருகு வடிவில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு புரியின் இரு பக்கங்களும் சரியாக இருந்தாக வேண்டும். மையம் விலகி ஓடுவதும் ஓர் உருப்பிழையே ஆதலால் உருத்திருத்தல் அதையும் தழுவும். வெற்றுச் சக்கரத்தில் முதன்முறையாகப் புரியை வெட்டி எடுப்பதும், மாடியூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு) மாறும்போது வேறு புரி வெட்டுவதும் புரொஃபைலிங், அதற்கு 'உருவெட்டல்'. பல்நுனித் தளர்வு (நுனியைச் சற்றுக் குறைத்தல்), பல்முகக் குவிவு (முகத்தை நடுவில் சற்றுப் புடைக்க விடுதல்) போன்ற மைக்ரான் அளவிலான மாற்றங்களை வேண்டும்போது, பொளிதட்டுகளை அதற்கேற்ப இயக்கிச் சக்கரத்தின் புரியில் அவற்றைப் பதிக்கிறார்கள். அவ்வேலை ஒரே ஓட்டத்தில் பொளிதலும் உருவமைத்தலும் ஆவதால், அதற்கு மட்டும் 'உருப்பொளிதல்' என்ற கூட்டுச்சொல்லை ஒதுக்கலாம்.

அளவுகளின் பெயர்களைப் பொறுத்தவரை வேக விகிதத்தில் நாம் தயங்க வேண்டியதில்லை. பொளியுருளையின் புறவேகத்தைச் சாணைச் சக்கரத்தின் புறவேகத்தால் வகுத்தால் கிடைப்பது 'பொளிவேக விகிதம்'. தொடுமிடத்தில் இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தால் விகிதம் நேர்க்குறி பெறும், 0.8 அளவில் வைத்தால் மணிகள் நன்கு உடைந்து சக்கரம் சொரசொரப்பாகத் திறந்து, வேகமாக வெட்டும். எதிர்த்திசையில் ஓட்டினால் சக்கரத்தின் முகம் நுண்மையாகி, பல்முகமும் நுண்மையாக வரும், ஆனால் வெப்பச் சேத அபாயம் கூடும். விகிதம் சரியாக 1 ஆகும்போது வழுக்கலே இல்லாமல் உருளை மணிகளை நசுக்குகிறது. அதை 'நசுக்குப் பொளிதல்' என்று தனியே குறிக்க வேண்டும்.

ஓவர்லேப் ரேஷியோ என்பதற்கு 'மேற்படிவு விகிதம்' என்று முன்னர் எழுதப்பட்டிருந்தது. படிவு என்பது வண்டல் போலப் படிந்து கிடப்பதைக் குறிக்கும். இங்கே எதுவும் படிவதில்லை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பொளிமுனை எவ்வளவு தூரம் பக்கவாட்டில் நகர்கிறதோ, அதனால் முனையின் தொடு அகலத்தை வகுப்பதே இவ்விகிதம். அது 2 அல்லது 3 என்றால் கரட்டு வேலைக்கும், 6 முதல் 8 வரை என்றால் மென்முடிப்புக்கும் பொருந்தும். சக்கரத்தின் ஒரே இடத்தை முனை எத்தனை முறை மீண்டும் கடக்கிறது என்பதே இதன் பொருளாதலால் 'மீள்கடப்பு விகிதம்' என்று நான் வைத்திருக்கிறேன். சொல் சற்று நீளமாக இருக்கிறது. இதைவிடக் குறுகிய சொல் ஒன்றைக் குழுவில் யாரேனும் தந்தால் அதையே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பொளிதல், உருத்திருத்தல், உருவெட்டல் மூன்றையும் தனித்தனிப் பதிவுகளாக இப்போதே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.