ரிலீஸ் மெடிக்கல் போர்டு அடுத்த மாதம்: முழங்கால் காயம், ரத்த அழுத்தம். எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்?

வெலிங்டன்_ஹவில்தார்:

வணக்கம் அண்ணன்மாரே. ராணுவத்தில் ஹவில்தார், 24 வருட சேவை முடிய இன்னும் எட்டு மாதம். வெளியே வருவதற்கு முன் ஊனத்தைப் பார்த்து எழுதும் மருத்துவ போர்டு அடுத்த மாதம். இரண்டு காரணத்துக்காக நிரந்தர எல்.எம்.சி. (குறைந்த மருத்துவத் தரம்).

ஒன்று வலது முழங்கால். 2014, குப்வாரா, இரவு ரோந்தில் விழுந்து ஏ.சி.எல். என்ற மூட்டுத் தசைநார் கிழிந்தது, ஆபரேஷன் ஆனது, மருத்துவத் தரம் ஏ-2. இன்னொன்று ரத்த அழுத்தம், 2019-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார்கள், பி-2. அதற்கு முந்தைய இரண்டு வருடம் லேயில் போஸ்டிங்.

கேள்விகள்:
1. முழங்காலுக்கான இன்ஜூரி ரிப்போர்ட் நகல் என்னிடம் இல்லை. அது இல்லாமல் போர்டுக்குப் போனால் என்ன ஆகும்?
2. ரத்த அழுத்தம் எங்கே தொடங்கியது என்ற இடத்தில் "2019, செகந்திராபாத்" என்று போட்டுவிடலாம் என்கிறார் கிளார்க். சரியா?
3. ஊன ஓய்வூதியத்துக்கு இரண்டு ஊனத்தின் சதவீதத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்களா?

ரெக்கார்ட்ஸ்_பழைய_கை:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அப்படியே போட்டுவிடாதீர்கள். 2019-ல் கண்டுபிடித்தது வேறு, 2019-ல் தொடங்கியது வேறு.

போர்டு போடும் படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. அதன் முதல் பகுதி உங்கள் சொந்த வாக்குமூலம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எங்கே இருந்தீர்கள், அது பீஸா (அமைதிப் பகுதி) ஃபீல்டா (களப் பகுதி) என்ற பட்டியலும், நோய் எப்போது, எங்கே தொடங்கியது என்ற கேள்வியும் அதில்தான் வரும். "பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, சேவைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிட இந்தப் பகுதியே வழி செய்து கொடுக்கிறது. சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் கூடியதும் இல்லை என்ற இந்த முடிவைத்தான் எல்லோரும் 'நானா' என்கிறார்கள். நானா போட்டுவிட்டால் சதவீதம் 30 என்று எழுதியிருந்தாலும் கடைசிக் கட்டத்தில் "நில்" (ஒன்றுமில்லை) என்றுதான் வரும்.

லேயில் இருந்தபோது எம்.ஐ. ரூமில் (யூனிட் மருத்துவ அறை) தலைவலி, தலைசுற்றல் என்று காட்டியிருக்கிறீர்களா? வருடாந்திர மெடிக்கலில் ரத்த அழுத்த அளவு 140/90-ஐத் தொட்டதா? அந்தத் தாள்களைத் தேடி எடுங்கள். இருந்தால் வாக்குமூலத்தில் தேதியோடு எழுதுங்கள். இல்லாவிட்டால் இல்லாததை எழுத வேண்டாம். மருத்துவ ஆவணமும் வாக்குமூலமும் முரண்பட்டால் நல்ல கேஸும் கெட்டுப்போகும். அந்த நிலையில் "2019-ல் பரிசோதனையில் தெரிய வந்தது. அதற்கு முன் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை அதி உயரப் பகுதியில் சேவை" என்று உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும். லேயிலிருந்து இறங்கி எத்தனை மாதத்தில் கண்டுபிடித்தார்கள் என்பது முக்கியம், அந்த இடைவெளி தாளில் தெரிய வேண்டும்.

போஸ்டிங் பட்டியலை நீங்களே ஒருமுறை பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். மாடிஃபைட் ஃபீல்டை (களப் பகுதியில் இன்னொரு வகை) பீஸ் என்று நகலெடுத்து வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கையெழுத்துப் போட்ட பிறகு அதைத் திருத்தப் படாத பாடு பட வேண்டும். காலி இடம் உள்ள படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

இன்ஜூரி ரிப்போர்ட் விஷயம். காயத்துக்கான படிவம் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006. காயம் டியூட்டியில் ஏற்பட்டதா, சேவையால் வந்ததா என்று யூனிட் கமாண்டிங் ஆபீசர் அதில் எழுதியிருப்பார். காயத்தைப் பொறுத்தவரை போர்டு டாக்டர்கள் பெரும்பாலும் இந்தக் காகிதத்தைத்தான் நம்புகிறார்கள். நோய் என்றால் மருத்துவக் கருத்து, காயம் என்றால் சம்பவத்தின் சாட்சி. இது இல்லாமல் போனால் "ஆவணம் இல்லை" என்பதையே காரணமாக எழுதி நானா போட வாய்ப்பு அதிகம்.

தேட வேண்டிய இடங்கள் இவை. 2014-ல் இருந்த யூனிட்டின் மெடிக்கல் ஃபைல். காயத்துக்காக வெளியான பார்ட் டூ ஆர்டர் (சேவை நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் உத்தரவு). கோர்ட் ஆஃப் என்கொயரி நடந்திருந்தால் அதன் முடிவு. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளில் "ரோந்தின்போது விழுந்தார்" என்ற வரி. இவற்றை எல்லாம் விட முக்கியம், முதன்முதலில் உங்களை எல்.எம்.சி. ஆக்கிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15. அந்தப் போர்டிலேயே "சேவையால் வந்தது" என்று பதிவாகியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ஒரு போர்டு ஒப்புக்கொண்டதை இன்னொரு போர்டு மாற்றினால் ஏன் மாற்றியது என்று எழுதியாக வேண்டும்.

இப்போதே யூனிட் வழியாக எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுக் காத்திருந்தால் எட்டு மாதம் ஓடிவிடும்.

எம்_ஐ_ரூம்:

முழங்கால் பற்றிக் கொஞ்சம் விரிவாக. எல்லைக்கோடு 20%. காலம் முடித்து வெளியே வருபவருக்கு 15% என்று எழுதினால், சேவையால் வந்தது என்று ஒப்புக்கொண்டாலும் பணம் கிடையாது. அதனால் இந்த ஐந்து சதவீதத்தில்தான் கவனம் வேண்டும்.

போர்டுக்கு முன் ஆர்த்தோ ஸ்பெஷலிஸ்ட் கருத்து வாங்குவார்கள். அவர் "வலி உண்டு, நடை சரி" என்று இரண்டு வார்த்தையில் முடித்தால் போர்டும் குறைந்த எண்ணைத்தான் எழுதும். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, நீட்டும்போது எத்தனை டிகிரி குறைகிறது, இடது தொடையை விட வலது தொடை எத்தனை செ.மீ. மெலிந்திருக்கிறது, மூட்டு ஆடுகிறதா, இவை அளந்து எழுதப்பட வேண்டும். மரியாதையாகக் கேட்டால் அளந்து எழுதுவார்கள். எம்.ஆர்.ஐ. பழையதாக இருந்தால் புதிதாக எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், ஆபீசர் முன்னால் வலியை மறைத்து நிமிர்ந்து நடப்பது. அன்று அது வேண்டாம். மாடிப்படி இறங்கும்போது என்ன ஆகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

படிவத்தில் சிகிச்சையோ ஆபரேஷனோ மறுத்தீர்களா என்ற கேள்வி இருக்கும். நீங்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர், பிரச்சினை இல்லை. மறுத்தவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று எழுதாமல் விட்டால் சதவீதம் குறையும்.

கூட்டல் பற்றி. 30-ம் 20-ம் சேர்ந்து 50 ஆகாது. முதல் ஊனம் 30% என்றால் மீதம் 70. இரண்டாவதன் 20% அந்த 70-லிருந்து கணக்காகும், அதாவது 14. மொத்தம் 44-ஐ ஒட்டி வரும். ஆனால் அதற்கு முன் கவனிக்க வேண்டியது, நானா ஆன ஊனம் இந்தக் கணக்கிலேயே வராது. உங்கள் ரத்த அழுத்தம் நானா ஆனால் முழங்கால் தனியாக 20%-ஐத் தொட வேண்டும். அதனால் ஒவ்வொரு ஊனத்துக்கும் எதிரே போர்டு என்ன எழுதியது என்று வரி வரியாகப் பாருங்கள். மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

இதைப் படிக்கும் இளையவர்களுக்கும் ஒன்று. ஷேப்-1-ல் (முழு உடல்தகுதித் தரம்) இருப்பவருக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டு கிடையாது, ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-18-ல் சாதாரணப் பரிசோதனையோடு முடிந்துவிடும். புரமோஷனுக்காக முதுகுவலியையும் காது மந்தத்தையும் வருடக்கணக்கில் மறைத்தால், வெளியே போகும்போது உங்களுக்கு நோய் இருந்ததற்குக் காகிதமே இருக்காது. இதய நோய் என்றால் அது வருவதற்கு முந்தைய 14 நாளில் என்னென்ன டியூட்டி செய்தீர்கள் என்ற விவரம் கேட்பார்கள். ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே யூனிட்டில் யாராவது டியூட்டி ரோஸ்டரை நகலெடுத்து வைக்க வேண்டும்.

ரெக்கார்ட்ஸ்_பழைய_கை:

நல்ல வேளை சொன்னீர்கள். நான் விட்ட இன்னொன்றையும் சேர்க்கிறேன். 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகளும் புது மருத்துவக் கையேடும் வந்துவிட்டன. பணியில் தொடர்ந்து காலம் முடித்து வருபவருக்கான தொகைக்கு அதில் 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று பெயர். 2015-ல் ரிலீஸ் ஆனவரின் கணக்கை வாட்ஸ்அப்பில் பார்த்து ஹவில்தார் தம்பி மனக்கோட்டை கட்ட வேண்டாம். உங்கள் போர்டு எந்த விதியின் கீழ் எழுதப்படுகிறது என்று தாளிலேயே பாருங்கள்.

மதுரை_முன்னாள்:

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். 2019-ல் ரிலீஸ் ஆனேன். சர்க்கரை நோய், 20%. "பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, வாழ்க்கைமுறை நோய்" என்று எழுதி நானா. ஆறு மாதத்துக்குள் அப்பீல் செய்யவில்லை. இனி ஏதாவது வழி உண்டா?

தீர்ப்பாயம்_பக்கம்:

உண்டு சார். நீங்கள் வெளியே வந்தது பழைய விதிகளின், அதாவது 2008 விதிகளின் காலம்.

சேர்க்கும்போது உடலில் எந்தக் குறையும் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்த நோய் சேவையால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. இது 2013-ல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது. 2008 விதிகளில் அந்த அனுமானம் இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடி வந்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு சர்க்கரை நோய் வழக்கிலேயே அதற்குப் பதில் சொல்லிவிட்டது. பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பதோ, வாழ்க்கைமுறை நோய் என்பதோ மட்டும் காரணம் ஆகாது, சேவை இல்லையென்றால் வேறு எதனால் வந்தது என்று போர்டு எழுத வேண்டும் என்பதே அதன் சாரம். உங்கள் போர்டு தாளில் உள்ள அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கின் மையம்.

முதலில் காகிதம். போர்டு நகல் இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். போர்டு நடவடிக்கை முழுவதும், நிராகரிப்புக் கடிதம், சேர்ப்பின்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், போஸ்டிங் விவரம், நான்கையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "என் மருத்துவ ஆவணங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு தாளை அனுப்பி முடித்துவிடுவார்கள்.

பிறகு ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக முதல் அப்பீல். காலதாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு பத்தி சேருங்கள். நிராகரித்தால் இரண்டாம் அப்பீல். பதிலே வராமல் ஆறு மாதம் கடந்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக அதுவே போதும், 2007 சட்டத்தின் 21-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஓய்வு பெற்றவர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய அமர்வில் மனு செய்யலாம், உங்களுக்குச் சென்னை அமர்வு. மனுவோடு தாமத மன்னிப்பு மனுவும் வேண்டும். ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்துக்காக மட்டும் கதவை அடைப்பது குறைவு. ஆனால் விலை உண்டு. தர்செம் சிங் வழக்கில் 2008-ல் வந்த தீர்ப்பின்படி நிலுவை பொதுவாக மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது.

தொகை எவ்வளவு என்று தெரிந்தால்தான் அலையலாமா என்று முடிவெடுக்க முடியும். 100% ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30%. கணக்கில் வரும் சம்பளம் 40,000 என்று வையுங்கள். 20% ஊனத்துக்கு நேர்க்கணக்கில் 2,400 ரூபாய்தான். ஆனால் 50-க்குக் குறைந்ததை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76 முதல் 100 வரை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை 2001 ஜனவரி 31 அரசாணையில் வந்தது. சேவைக் காலம் முடியும் முன்பே நோயால் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்ததை, காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆக்கியது. அப்படிப் பார்த்தால் மாதம் 6,000, அதன் மேல் அகவிலைப்படி. மனுவின் கோரிக்கையில் இந்த உயர்த்தலையும் தனியாகக் கேளுங்கள். கேட்க மறந்து 20%-க்கே உத்தரவு வாங்கி, அதற்காக மறுபடி அலைபவர்கள் இருக்கிறார்கள்.

வெலிங்டன்_ஹவில்தார்:

எல்லோருக்கும் நன்றி. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15 நகல் கிடைத்தது. முழங்காலுக்கு எதிரே "சேவையால்" என்று இருக்கிறது. இன்ஜூரி ரிப்போர்ட்டுக்குப் பழைய யூனிட்டுக்குக் கடிதம் போயிருக்கிறது. போர்டு தேதிக்குள் வராவிட்டால்?

ரெக்கார்ட்ஸ்_பழைய_கை:

கேட்டிருக்கிறீர்கள் என்பதற்கான கடித நகலையும், அந்த ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15 நகலையும் போர்டு அன்று கையில் கொண்டுபோங்கள். "இன்ஜூரி ரிப்போர்ட் இந்தத் தேதியில் கேட்கப்பட்டுள்ளது, முதல் போர்டு சேவையால் என்று ஒப்புக்கொண்டுள்ளது" என்று உங்கள் வாக்குமூலத்தில் ஒரு வரி சேருங்கள். பிறகு வந்தால் யூனிட் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு உடனே அனுப்புங்கள், முடிவு அங்கே எடுக்கப்படுவதற்குள் சேர வேண்டும். போர்டு தாள் மேலதிகாரியின் ஒப்புதலுக்குப் போய் வந்ததும் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். பி.பி.ஓ. (ஓய்வூதிய உத்தரவு) ஸ்பார்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளத்தில் வந்ததும் சர்வீஸ் பென்ஷன் ஒரு வரியாகவும் ஊனத் தொகை தனி வரியாகவும் இருக்கிறதா, எழுதிய சதவீதம் போர்டில் உள்ளதுதானா என்று பாருங்கள். நானா என்று நிராகரிப்புக் கடிதம் வந்தால் அது கையில் கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள், ஆறு மாதம் அன்றிலிருந்து.