படங்களுக்கு நிரல் எழுதி அசைவூட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடி ஆசிரியை:
செட்டிநாட்டு வீட்டின் அமைப்பை மாணவர்களுக்குக் காட்ட பவர்பாயின்டில் ஸ்லைடுகள் தயாரித்தேன். முகப்பில் நுழைந்து, வளவு (முற்றம் சூழ்ந்த பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்து அடுத்த தெருவில் வெளியேறுகிற வரிசையிலேயே படங்கள் தோன்ற வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். வரிசை கலைந்தால் பிள்ளைகளுக்கு வீடு பிடிபடாது.

எல்லா ஸ்லைடையும் கையால் செய்ய மனமில்லாமல், பவர்பாயின்டுக்குள்ளேயே நிரல் எழுத உதவும் விபிஏ மொழியில் ஒரு மேக்ரோ, அதாவது வேலையைத் தானே செய்துமுடிக்கும் சிறு நிரல், எழுதினேன். ஸ்லைடின் டைம்லைன் (அசைவுகளின் காலவரிசை), அதற்குள் மெயின்சீக்வென்ஸ் (முதன்மை வரிசை), அதில் ஆட்எஃபெக்ட் (அசைவைச் சேர்க்கும் கட்டளை). எந்தப் படம், எந்த அசைவு, எப்போது தொடங்குவது என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. மெல்லத் தோன்றும் ஃபேடுக்கு எண் 10. தொடக்கத்துக்கு 1 என்றால் கிளிக் செய்ததும், 2 என்றால் முந்தைய படத்தோடு, 3 என்றால் அது முடிந்த பிறகு.

ஓட்டிப் பார்த்தால் அடுப்படி முதலில் வந்து நின்றது! மேக்ரோ இடமிருந்து வலமாகப் பார்ப்பதில்லை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் வரிசையில், அடியில் இருப்பதிலிருந்து எடுக்கிறது. ‘வளவு’ என்று பெயர் வைத்துத் தேடலாமென்றால், விபிஏ எழுதும் சாளரத்தில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடுகின்றன. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் இது. கடைசியில் ஒவ்வொரு படத்தின் ‘லெஃப்ட்’ அளவையும் (ஸ்லைடின் இடது ஓரத்திலிருந்து உள்ள தூரம்) எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, அதே வரிசையில் அசைவைச் சேர்த்தேன். முகப்பு முதலில் வந்தது.

பள்ளத்தூர் வாசகர்:
அருமை, சகோதரி. நான் பைத்தான் நிரல்மொழியில் செய்தேன். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் உருவாகும் விதம்தான் பொருள்: கண்ணாடியின் மேல் அச்சு, அச்சுக்குள் வண்ணக் கலவை, அதன்மேல் உலர்ந்த சிமென்டும் மணலும், பிறகு ஈரக் கலவை. பவர்பாயின்ட் கோப்பு உருவாக்க உதவும் பைத்தான்-பிபிடிஎக்ஸ் என்ற நிரல்தொகுப்பு படத்தை ஸ்லைடில் வைத்துத் தரும். அசைவூட்ட அதில் தனி வசதி கிடையாது. ஆனால் பவர்பாயின்ட் சேமிக்கும் பிபிடிஎக்ஸ் கோப்பு, பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொதிதான். ஒரு ஸ்லைடுக்கு மட்டும் கையால் அசைவு கொடுத்துச் சேமித்து, பொதியைப் பிரித்து, அந்த ஸ்லைடின் எக்ஸ்எம்எல்லில் (ஸ்லைடை விவரிக்கும் உரைக்கோப்பு) ‘டைமிங்’ என்ற பகுதியைக் கண்டெடுத்தேன். அதை மற்ற ஸ்லைடுகளுக்கு நகலெடுத்து, ‘எஸ்பிஐடி’ வரும் இடத்தில் அந்தந்தப் படத்தின் அடையாள எண்ணைப் போட்டதும் கல் அடுக்கடுக்காக உருவானது. விபிஏவில் கால அளவு விநாடியில், இங்கே மில்லிவிநாடியில். 2 விநாடிக்கு 2000 என்று எழுத வேண்டும்.

தேவகோட்டை மாணவர்:
மேக்ரோ உள்ள கோப்பை எங்கள் கல்லூரிக் கணினி திறக்க விடாதே, டீச்சர்?

காரைக்குடி ஆசிரியை:
மேக்ரோவை அனுப்பவே வேண்டியதில்லை, தம்பி. ஒருமுறை ஓடியதும் அசைவுகள் ஸ்லைடிலேயே தங்கிவிடும். சாதாரண பிபிடிஎக்ஸாகச் சேமித்துக் கொண்டுபோங்கள்.